பத்து மணி நேரத் திங்கட்கிழமைகள்

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் நீ "ம்" என்கிறாய், நான் கத்துகிறேன், பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். ஏழு மாதமாக அதுவும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது.

நலம் விசாரிப்பதற்காக எழுதவில்லை. தொழில் விஷயம். நீ எழுதிக் கொடுத்த சோடி பார்க்கிற புரோகிராமில் ஏதோ கோளாறு. ஆரம்பத்தில் நம்மிடம் ஆயிரம் லாட் டைல்ஸ் இருந்தபோது திங்கட்கிழமை காலை ஓடவிட்டால், எந்த லாட்டுக்கு எந்த லாட் நிறம் ஒத்துப்போகிறது என்று ஆறு நிமிடத்தில் சொல்லிவிடும். நீ போகும்போது பத்தாயிரம் லாட். பத்து மணி நேரம் எடுத்தது. நீ போன மறுவாரமே, பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்று சொல்லி கம்ப்யூட்டர் கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றைத் தலையில் கட்டினார். பொய்யில்லை, ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. இப்போது கிடங்கில் பதினாலாயிரம் லாட். மறுபடியும் பத்து மணி நேரம். அவர் இன்னொரு பெட்டி வாங்கச் சொல்கிறார். விற்கிறவன் சொல்வதைக் கேட்டு வாங்கியிருந்தால் நான் இந்தக் கிடங்கைக் கட்டியிருக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீடு கட்டி முடித்தவர்களிடம் மிஞ்சுகிற டைல்ஸை, ஒரு நிறத்துக்கு ஒரு லாட்டாக வாங்கி, உடைந்த தரைக்கு ஒட்டுப்போட வருகிறவர்களுக்கு நிறம் பார்த்து விற்கிற தொழிலில் "நாளைக்கு வாங்க" என்றால் அந்த ஆள் நாளைக்கு வேறு கடையில் இருப்பான். திங்கட்கிழமை முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். போகிற கோபத்தில் உள்ளே ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போனாயா? செய்திருந்தால் சொல். திட்டமாட்டேன். வந்து எடுத்துவிட்டுப் போ, போதும்.

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

எதுவும் செய்து வைக்கவில்லை. அப்படிக் கேட்பாய் என்று நினைத்திருக்கவும் இல்லை. உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

லோடு இறக்குகிற நாலு பேர் முன்னால் நீ சொன்ன வார்த்தை நினைவிருக்கிறதா? "நீ இல்லாட்டியும் இது ஓடும்." ஓடுகிறது அல்லவா.

சரி, தொழில் விஷயம். புரோகிராம் மெதுவாகவில்லை. வேலை பெருகியிருக்கிறது. ஒவ்வொரு லாட்டின் படத்தையும் மற்ற எல்லா லாட்டின் படத்தோடும் ஒப்பிடு என்று நீ சொன்னாய். ஆயிரம் லாட் என்றால் ஏறக்குறைய ஐந்து லட்சம் சோடி. பத்தாயிரம் என்றால் ஐந்து கோடி. சரக்கு பத்து மடங்கு, வேலை நூறு மடங்கு. பதினாலாயிரத்தில் அது பத்துக் கோடியைத் தொடுகிறது. நீ வாங்கின பெட்டி இரண்டு மடங்கு வேகம். சரக்கு ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, வேலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கணக்கு சரியாகிப்போயிற்று. இன்னொரு பெட்டி வாங்கினாலும் இருபதாயிரம் லாட்டில் இதே கடிதத்தை எனக்கு எழுதுவாய்.

நான் இங்கே பயிற்சி நிலையத்தில் நடத்துகிற பாடமே இதுதான். பெரிய ஓ ஒன்று போட்டு அடைப்புக்குறிக்குள் n வர்க்கம் என்று எழுதுவோம். n என்பது உன் லாட். வேலை இந்த வேகத்துக்கு மேல் வளராது என்பது அதன் பொருள். உன் பாஷையில் சொன்னால் மேஸ்திரி கொடுக்கிற மதிப்பீடு: எவ்வளவு போனாலும் இதைத் தாண்டாது. சரியான எண்ணிக்கை, n பெருக்கல் n-இல் ஒன்று குறைவு, அதில் பாதி. அந்தப் பாதியையும் கழித்த ஒன்றையும் தூக்கி எறிந்துவிடுவோம். நிலையாக ஒரே அளவில் நிற்கிற எதற்கும் அங்கே இடமில்லை. எது வளர்கிறதோ, அதிலும் எது மிக வேகமாக வளர்கிறதோ, அது மட்டும்தான்.

ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து பார்க்கத் தேவையில்லை, மாற்றி எழுதுகிறேன், இரண்டு வாரம் கொடு என்று அப்போதே கேட்டேன். அதற்குத்தான் அந்த வார்த்தை கிடைத்தது.

தம்பி

*

மார்ச் 27

தம்பிக்கு,

கையில் படாததை நான் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பத்து லாட்டிலிருந்து ஒவ்வொரு கல் எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒன்றோடு ஒன்று வைத்து ஒவ்வொரு சோடியாகப் பார்த்தேன். நாற்பத்தைந்து. அதற்கே ஒரு டம்ளர் டீ ஆறிவிட்டது. பிறகு இருபது கல். தொண்ணூறு வரும் என்று நினைத்து உட்கார்ந்தேன். நூற்றுத் தொண்ணூறு. முப்பதும் பார்த்துவிடலாம் என்றிருந்தேன், எழுந்திருக்கவே முடியவில்லை. நீ வகுப்பில் என்னவோ ஓ போட்டுச் சொல்கிறாய், என் முட்டி சொல்லிவிட்டது.

ஆகவே நீ எதுவும் செய்து வைக்கவில்லை. கேட்டது தப்பு. எழுதிவிட்டேன், இதற்கு மேல் எதிர்பார்க்காதே.

ஆனால் ஒன்று. முதலிலிருந்து பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. டாக்டரம்மா வீட்டுக் குளியலறை மறந்துவிட்டதா? பழைய சோடியை நம்பி பன்னிரண்டு பெட்டி அனுப்பினேன். நடுவில் யாரோ பெட்டி மாற்றி அடுக்கியிருந்தார்கள். பாதிச் சுவர் சாம்பல், பாதிச் சுவர் நீலம். அந்தம்மா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "இது என்னங்க, உங்க கடைல கண்ணாடி போடறவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், பழைய முடிவு எதையும் நம்புவதில்லை என்று.

அப்புறம், நிலையாக நிற்கிறதைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். படித்த ஆள், அழகாகத்தான் இருக்கிறது உங்கள் சாஸ்திரம். பதினேழு வருடமாக ஒரே கடையில், ஒரே இடத்தில் நிற்கிறது யார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு எறி.

குறை சொன்னாயே, வழி என்ன? அதைச் சொல்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?

அக்கா

*

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நூற்றுத் தொண்ணூறு சோடி கையால் பார்த்தாய் என்பதை வகுப்பில் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, "எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி" என்றேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முட்டி எப்படி இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எப்படி இருக்கிறது?

நிலையானதை எறிவது அது அற்பம் என்பதால் இல்லை. அது வளராது என்பதால். சரக்கு பெருகப் பெருக, வளராதது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். உன்னைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதும்போதே சொன்ன மாதிரி ஆகிறது, விட்டுவிடுகிறேன்.

வழி இது. படத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நிற எண் வேண்டும். பெயின்ட் கடைகளில் கல்மேல் வைத்தால் எண் காட்டுகிற சின்ன மீட்டர் இருக்குமே, அது. அந்த எண்படி பதினாலாயிரத்தையும் பட்டியலில் வரிசைப்படுத்திவிட்டால், ஒரு லாட்டுக்குச் சோடி அதன் பக்கத்தில்தான் இருக்கும். சாம்பல் கல்லைப் பச்சைக் கல்லோடு ஒப்பிட வேண்டிய வேலையே இல்லை. பக்கத்தில் இருக்கிற பத்துப் பன்னிரண்டின் படத்தைப் பார்த்தால் போதும்.

வரிசைப்படுத்தவும் நேரமாகாதா என்று கேட்பாய். வரிசையில் ஒரு லாட்டுக்கு இடம் தேட நடுவில் பார். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்ததும் பாதியை விட்டுவிடு. மிச்சத்தில் மறுபடி நடுவில் பார். பதினாலாயிரத்தைப் பாதி பாதியாகக் குறைத்தால் பதினான்கு தடவையில் ஒன்றுக்கு வந்துவிடும். உன் சரக்கு இருபத்தெட்டாயிரம் ஆனாலும் பதினைந்து தடவைதான். ஒன்றே ஒன்று கூடும். இப்படி வளர்கிற வேலை மேல் எனக்கு ஒரு பிரியம். சரக்கு ஓடினாலும் இது நடந்துதான் வரும்.

பத்துக் கோடி இடத்தில் சில லட்சம். வாரா வாரம் முதலிலிருந்து பார்த்துக்கொள், உன் சந்தேகத்துக்கும் இடம் உண்டு. மொத்தம் ஓரிரு நிமிடம்.

ஒரே கஷ்டம், பதினாலாயிரம் லாட்டுக்கும் ஒரு தடவை நேரில் போய் மீட்டர் வைத்து எண் எடுக்க வேண்டும். அதை எந்தப் புரோகிராமும் செய்யாது. மற்றதை எழுதி பென் டிரைவில் அனுப்புகிறேன். நான் வரமாட்டேன். வருவேன் என்று நினைத்து எதையும் தள்ளிப்போடாதே.

கீழே ஒரு மெஸ் இருக்கிறது. அங்கேதான்.

தம்பி

*

ஏப்ரல் 24

தம்பிக்கு,

மீட்டர் வாங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு இருநூறு லாட். ஏணியில் ஏறுவது, பெட்டி திறப்பது, துடைப்பது, மீட்டர் வைப்பது, எழுதுவது. பன்னிரண்டு நாளில் இரண்டாயிரத்து நானூறு. எழுபது நாளில் முடியும். இருநூறுக்கு ஒரு நாள், நானூறுக்கு இரண்டு நாள்; இந்த மாதிரி வளர்ச்சிதான் எனக்குப் புரிகிறது. லோடு இறக்குகிறவர்களில் மூத்தவர், "நாங்க செய்றோம், நீங்க உக்காருங்க" என்றார். வேண்டாம் என்றேன். முட்டி சுமார்.

கிடங்கின் பின்பக்கம் ரொம்ப நாளாக நான் போனதில்லை. அங்கே ஃபேன் சத்தம்கூட வராது. மீட்டர் ஒரு தடவை பீப் என்கிறது, நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன். சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்த்து யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

அங்கே நிற்கும்போது யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் விலை பேசுகிற மாதிரி உன்னிடம் சுற்றிச் சுற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.

டாக்டரம்மா கதை உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு தடவை நடந்தது. அதற்காக வாரா வாரம் முதலிலிருந்து ஓட்டச் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஆயிரம் லாட் இருந்த நாளில் திங்கட்கிழமை நீ வந்து புரோகிராமைத் தட்டிவிட்டு, ஆறு நிமிடம் என் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்காருவாய். எதையாவது சொல்வாய். முடிந்ததும் எழுந்து போய்விடுவாய். இரண்டாயிரம் ஆனபோது அரை மணி நேரம் உட்கார்ந்தாய். நாலாயிரத்தில் ஒன்றரை மணி நேரம். எனக்கு சாஸ்திரம் தெரியாது. ஆனால் சரக்கு கொஞ்சம் கூடினால் நீ உட்காருகிற நேரம் ரொம்பக் கூடுகிறது என்பதை மட்டும் நான் கவனித்து வைத்திருந்தேன். நடுவில் நின்றுபோனால் மறுபடி தட்டிவிட நீ கூடவே இருக்க வேண்டும் என்று சொன்னது நான்தான். பத்தாயிரத்தில் ஒரு நாள் முழுக்க நீ கடையில் இருந்தாய். இரண்டு வேளையும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அந்த வருடம் நான் தேவைக்கு மேல் சரக்கு எடுத்தேன். விற்காது என்று தெரிந்தே எடுத்தேன். லாபம் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான்.

மாற்றி எழுதினால் இரண்டு நிமிடத்தில் முடியும் என்று நீ சொன்ன அன்றைக்கு, இரண்டு நிமிடம் என்பதுதான் என் காதில் விழுந்தது. அதனால்தான் அந்த வார்த்தை வந்தது. நீ இல்லாமலும் ஓடும் என்று சொன்னேன். ஓடுகிறது. எதிரில் ஸ்டூல் காலியாக, பத்து மணி நேரம் ஓடுகிறது.

இதைப் படித்துவிட்டு பதில் எழுத வேண்டும் என்றில்லை. பென் டிரைவை மட்டும் அனுப்பு.

அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

பென் டிரைவ் உள்ளே இருக்கிறது. எப்படித் திறப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எண் எடுத்து முடிந்த பிறகு ஓடவிடு, பாதியில் வேண்டாம்.

மற்றதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றாய். நான்கு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உண்மையைச் சொன்னால், அந்தத் திங்கட்கிழமைகளில் நான் மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வயதில் ஒரு பெட்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்தேன். நீ என்னை நம்பாமல்தான் உட்கார வைத்திருக்கிறாய், என் புரோகிராம் எப்போது தப்புச் செய்யும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். ஆறு நிமிட நாட்கள் எனக்கும் பிடித்திருந்தன. அரை மணி நேரமும் பிடித்திருந்தது. பத்து மணி நேரம் பிடிக்கவில்லை. "கூட உட்காருடா" என்று நேராகச் சொல்லியிருந்தால், இரண்டு நிமிடப் புரோகிராமை வைத்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

இங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் மின்சாரப் பெட்டி. வகுப்பு முடிந்தால் ஒருவரும் நின்று பேசுவதில்லை, பஸ் போய்விடும் என்று ஓடுகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வாயைத் திறக்காமலே கழிந்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

இன்னொன்று. முன்பு எழுதினது முழுசாகச் சரியில்லை. நிலையானதை எறிவதெல்லாம் n எல்லையில்லாமல் பெருகும்போதுதான். சின்ன எண்ணுக்கு அந்தக் குறியீடு ஒன்றும் சொல்லாது. பத்துக் கல்லுக்கு என் புரோகிராமைத் திறந்து படம் ஏற்றுவதற்குள் நீ கையால் பார்த்து முடித்திருப்பாய். சின்ன எண்ணில் நிலையாக நிற்கிறதுதான் எல்லாம். வகுப்பில் இதை நான் சொல்வதில்லை, தேர்வில் வராது. நம் வீட்டில் நாம் இரண்டு பேர்.

ஆனாலும் திரும்பி வந்து கடையில் உட்காருவேன் என்று சொல்ல முடியவில்லை. வருட முடிவு வரை இங்கே ஒப்பந்தம். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தெரியவில்லை. பொய் சொல்லி உன்னைக் காக்க வைக்க விரும்பவில்லை.

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

எண் எடுத்து முடித்துவிட்டேன். கடைசி லாட்டின் எண்ணை இரண்டு தடவை சத்தமாகச் சொல்லி எழுதினேன்.

நேற்று திங்கட்கிழமை. ஒன்பது மணிக்குத் தட்டிவிட்டேன். ஒரு நிமிடம் பத்து விநாடி. ஏதோ பிசகு என்று நினைத்து மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும். மூன்று தடவையும் அதே ஒரு நிமிடம் பத்து விநாடி. நாற்பத்தொரு புதுச் சோடி கண்டுபிடித்திருக்கிறது. எட்டு வருடமாக மூலையில் கிடந்த பச்சைக்குக்கூட இணை கிடைத்துவிட்டது. அதில் ஐந்து சோடியை எடுத்து வெயிலில் வைத்துக் கண்ணால் பார்த்தேன். ஐந்தும் சரி. நல்ல வேலை, தம்பி. இதை நான் யாருக்கும் சும்மா சொல்வதில்லை.

பிறகு மணி ஒன்பதே முக்கால். வாடிக்கையாளர் ஒருவர் உடைந்த கல்லோடு வந்தார். உடனே பதில் சொன்னேன், உடனே போய்விட்டார். முன்பெல்லாம் நாளைக்கு வாங்க என்றால், போவதற்கு முன் சிலர் நின்று தங்கள் வீட்டுக் கதை சொல்வார்கள். பத்து மணிக்கு மேசையைத் துடைத்தேன். பதினொன்றுக்கு இன்னொரு தடவை துடைத்தேன்.

நீ சொன்னாயே, நேராகச் சொல்லியிருந்தால் என்று. நேராகச் சரக்கு கேட்பேன், நேராக விலை கேட்பேன், அந்த ஒன்று எனக்கு வராது. இந்த வயதில் இனி வரப்போவதுமில்லை. அதனால் வேறு விதமாகச் செய்கிறேன். ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமை கடையை மூடுகிறேன். அங்கே வருகிற பஸ் காலை பத்து மணிக்குச் சேரும் என்கிறார்கள். உன்னைத் திரும்ப அழைக்க வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மெஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்க வருகிறேன்.

வேண்டாம் என்றால் எழுது. கோபப்படமாட்டேன். கோபப்படுவேன், ஆனால் எழுது.

அக்கா

*

ஜூலை 1

அக்காவுக்கு,

வா. பஸ் நிலையத்திலிருந்து நடக்காதே, ஆட்டோ பிடி. முட்டியை வைத்துக்கொண்டு வீம்பு வேண்டாம். பயிற்சி நிலையம் இரண்டாவது மாடி. படி செங்குத்து, இடது பக்கம் பிடித்துக்கொண்டு ஏறு.

ஆனால் திங்கட்கிழமை எனக்குப் பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை அடுத்தடுத்து வகுப்பு. விடுப்பு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திரு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். நான் நடத்துகிறது தப்பு என்று தோன்றினால் வகுப்பு முடிந்த பிறகு சொல், நடுவில் சொல்லாதே.

ஆறு மணி நேரம். இதைக் குறைக்க என்னிடம் வழி எதுவும் இல்லை.

தம்பி